பட்டிபுலத்தில் நிறுத்திய மோரிஸ்

செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த பட்டறையில் ஒரு கதை இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டியப்பன் என்று ஒரு மெக்கானிக் இருந்தானாம். கல்யாணப் பெண் போய்க்கொண்டிருந்த பழைய காரைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் துரத்திப் பிடித்தானாம். அவன் நிறுத்திய அடுத்த நொடியே முன்சக்கரம் கழன்று விழுந்ததாம். சென்ற மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். என்னை அடையாளம் தெரியாத ஒரு புது மெக்கானிக் இந்தக் கதையை என்னிடமே சொல்லிவிட்டு, "அந்தாளு தெய்வம் மாதிரி சார்" என்றார்.

எட்டியப்பன் நான்தான். சக்கரம் கழன்று விழவில்லை. முந்தின நாள் அதே காரை, "நல்லா கீது டீச்சர், எடுத்துகினு போங்க" என்று சொல்லி அனுப்பி வைத்தவனும் நான்தான். அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. எனக்கு வேலை ஓய்ந்துவிட்டது. கை சும்மாதான் இருக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர்கள். நான் பத்தாவதில் தவறியபின் லாரி ஷெட்டுக்குப் போனேன். அங்கே ஐந்து வருஷம், பிறகு பஸ் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷம். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. கை கறுத்தது, காது கூர்மையானது, அவ்வளவுதான். அப்புறம்தான் கோதாவரி அம்மாவின் பட்டறைக்கு வந்தேன்.

கோதாவரி அம்மா உள்ளூரில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். கணவர் வைத்து நடத்திய பட்டறை அது. அவர் மாரடைப்பில் போனதும், விற்றுவிடச் சொன்ன உறவுக்காரர்களுக்கெல்லாம் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் காலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. ஆனால் வண்டி ஓட்டுவார். லாரி, வேன், டிராக்டர் எதுவானாலும் ஓட்டுவார். அந்த அம்மா வைத்த சட்டம் ஒன்றுதான். பிரேக், ஸ்டியரிங், முன்பக்கச் சஸ்பென்ஷன் இந்த மூன்றில் கைவைத்த எந்த வண்டியும், அவர் ஓட்டிப் பார்க்காமல் வெளியே போகாது. வேலை செய்த மெக்கானிக் பக்கத்துச் சீட்டில் உட்கார வேண்டும். பாலாற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவார். எந்தப் பள்ளத்தையும் ஒதுக்க மாட்டார். தேடித் தேடி விடுவார்.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள். அம்பாசடர் ஒன்றுக்கு ஸ்டியரிங் கம்பியின் முனையை மாற்றியிருந்தேன். பாலத்தின்மேல் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"காட்டர் பின்ன மடிச்சியா?"

நட்டு கழன்று போகாமல் குறுக்கே செருகும் சின்னக் கம்பி அது. செருகினால் மட்டும் போதாது, இரண்டு காலையும் விரித்து மடிக்க வேண்டும். செருகியது ஞாபகம் இருந்தது. மடித்ததா?

"மடிச்சேம்மா" என்றேன். சொல்வதற்குமுன் ஒரு நொடி தயங்கிவிட்டேன்.

வண்டியைப் பாலத்தின் ஓரத்திலேயே நிறுத்தினார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. "எறங்கிப் பாரு" என்றார். அந்தத் தார்ச்சூட்டில் மல்லாந்து உள்ளே போனேன். பின் மடிக்கப்படாமல் நேராக நின்றிருந்தது. வெறுங்கையால் மடித்துவிட்டு வெளியே வந்தேன். அவர் திட்டவில்லை. "கேட்டா நெனச்சிப் பாத்து பதில் சொல்ற. நெனைக்க வேண்டியதே இருக்கக் கூடாது நைனா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார்.

அவர் அடிக்கடி சொல்லும் இன்னொன்று, "கிரீஸு பொய் சொல்லும்." தேய்ந்துபோன இணைப்பில் புதுக் கிரீஸை அழுத்தி அடித்துவிட்டால், இடைவெளியெல்லாம் நிரம்பி, ஆட்டமே இல்லாதது மாதிரி நிற்கும். அதனால் முதலில் காய்ந்த நிலையில் நெம்பிப் பார்க்க வேண்டும். கிரீஸ் கடைசியில்தான். இதை எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

பிலோமினா டீச்சர் கறுப்பு மோரிஸ் மைனரைக் கொண்டுவந்தபோது நான் அந்தப் பட்டறையில் மூத்தவன். பழைய கார் என்றால் எட்டியப்பன்தான் என்று வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

டீச்சருக்குச் சதுரங்கப்பட்டினம். ரிட்டயராக இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. அவருடைய அப்பா அருளப்பன் ஒரு டாக்டரிடம் டிரைவராக இருந்தவர். டாக்டர் வெளிநாட்டில் இருந்த மகனிடம் போகும்போது, ஓட்டியவனே வைத்துக்கொள்ளட்டும் என்று காரைக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"எங்கப்பா இருவத்திரெண்டு வருசம் இத ஓட்னாரு" என்றார் டீச்சர். "அந்த இருவத்திரெண்டு வருசத்துல எங்கம்மாவோ நாங்களோ பின்சீட்ல ஒருநாள் குந்தினதில்ல. டாக்டர் வூட்ல ஒக்கார வெக்க மாட்டாங்க." வருத்தமாகச் சொல்லவில்லை. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். "எம்பொண்ணு ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். கோவளம் மாதா கோயில்ல. அவ இந்தப் பின்சீட்லேர்ந்து எறங்கணும். நான் ஓட்டணும். முன்னாடி கட்டக் கட்டன்னு சத்தம் வருது. பன்னெண்டு நாள் கீது. முடியுமா?"

"முடியும் டீச்சர்" என்றேன்.

மோரிஸின் முன்சக்கரம் எப்படி நிற்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சக்கரத்துக்கு உள்பக்கம் நெட்டுக்குத்தாக ஒரு இரும்புத் தூண் இருக்கும். கிங்பின் என்போம். அதன் கீழ்முனையில் போல்ட்டில் இருப்பது போல மரை வெட்டியிருக்கும். அந்த முனை, உள்ளே மரை வெட்டிய ஒரு கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் தூண் அந்தக் கட்டைக்குள் திரும்பும். காரின் முன்பாரம் முழுக்க, ஒரு பக்கத்துக்கு ஒரு கட்டை என்று, அந்த மரைகளின் பிடியில்தான் தொங்குகிறது. கிரீஸ் போகாமல் விட்டால் மரை தேயும். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் பிடி விட்டால், தூண் கட்டையிலிருந்து உருவிக்கொள்ளும். சக்கரம் மடங்கி உள்ளே படுத்துவிடும். வீட்டு வாசலில் திருப்பும்போது நடந்தால் பிழைத்தோம். ஓடும்போது நடந்தால் ஸ்டியரிங் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

வலப்பக்கம் ஜாக்கி வைத்துச் சக்கரத்தின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். சக்கரம் விரல்கடை அளவு தனியாக மேலே எழும்பியது. சத்தம் வந்த இடம் தெரிந்துவிட்டது. இடப்பக்கம் கிரீஸ் ஏறும் நிப்பிள் மண்ணும் உப்பும் பிடித்து அடைத்திருந்தது. சக்கரத்தைக் கையால் மட்டும் ஆட்டிப் பார்த்தேன். லேசாக ஏதோ இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன்.

பாகங்களுக்கு ஊரெல்லாம் தேடினோம். கடைசியில் சென்னையில் பழைய கார் வைத்திருக்கும் ஒருவரிடம் வலப்பக்க செட் ஒன்று, பிரிக்காத பெட்டியில் கிடைத்தது. ஒன்றுதான் இருந்தது. வலப்பக்கத்து மரையும் இடப்பக்கத்து மரையும் எதிரெதிராக வெட்டியவை. ஒன்றை இன்னொன்றுக்குப் போட முடியாது. இடப்பக்கத்துக்கு வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அதற்கு ஒரு மாதத்துக்கு மேலாகும்.

வலப்பக்க வேலை இரண்டு நாள் பிடித்தது. மோரிஸில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. காரின் நீளத்துக்கு ஓடும் ஒரு முறுக்குக்கம்பிதான், சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் கையை, அதாவது கீழ்க்கையை, அழுத்திப் பிடித்திருக்கும். அந்த முறுக்கோடு எதையாவது கழற்றினால் கை போய்விடும். சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, கீழ்க்கைக்கு ஜாக்கி கொடுத்து, மேல் இணைப்பைக் கழற்றி, ஜாக்கியை அரையங்குலம் அரையங்குலமாக இறக்கி முறுக்கைத் தளர்த்தினேன். தேய்ந்ததை எடுத்து, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, புதிய தூணும் கட்டையும் உராய்வு தாங்கும் புஷ்களும் போட்டேன். அந்த வேலையில் இன்றைக்கும் எனக்குக் குறை தெரியவில்லை.

பிறகு இடப்பக்கம். கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் அது. டீச்சர் வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் அடைத்த நிப்பிளைக் கழற்றிப் புதியது போட்டேன். போட்ட கையோடு கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினேன். பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி வந்தது. பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, துணியை மேஜைக்கு அடியில் போட்டேன். அதற்குப் பிறகுதான் கடப்பாரையால் நெம்பினேன். அசையவில்லை.

"நல்லா கீது டீச்சர்" என்றேன்.

கோதாவரி அம்மா பாலாற்றுப் பாலம் வரை ஓட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்தேன். வண்டி சத்தமில்லாமல் போனது. ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி திரும்பியது. டீச்சர் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கள் இரண்டு பேருக்கும் பத்திரிகை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பட்டறையைத் திறந்தேன். சாயந்திர விருந்துக்குப் போவதாக இருந்ததால் மதியத்தோடு மூடிவிட வேண்டும். மேஜைக்கு அடியில் கிடந்த துணிகளைக் கூட்டி எடுத்தேன். கூரைத் தகட்டின் ஓட்டை வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் ஒரு துணி மின்னியது.

கிரீஸ் மின்னாது. விரலில் தொட்டுத் தேய்த்தேன். ஜிகினா மாதிரி, நெறுநெறுவென்று உலோகத் தூள். மரை உதிர்ந்த தூள்.

வலப்பக்கத்தில் துடைத்த துணியாக இருக்கலாம் என்று நினைத்தேன். அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முகர்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் வாசனை இல்லை. வலப்பக்கத்துத் துணிகளில் பெரும்பாலும் மண்ணெண்ணெய் பட்டிருக்கும். எல்லாவற்றிலும் பட்டதா? சத்தியம் பண்ண முடியாது.

கோதாவரி அம்மா காலைப் பூசைக்கே போவதற்காக அப்போதுதான் பட்டுப்புடவையில் வந்து இறங்கினார். துணியைக் காட்டினேன். வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்?"

"எடதுன்னு நெனைக்கிறேம்மா."

"நெம்பிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"கிரீஸுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நான் மேஜைமேல் இருந்த கிரீஸ் கன்னைப் பார்த்தேன். அவர் துணியை என் கையில் திணித்துவிட்டு, "ஜாக்கியும் ஸ்டாண்டும் வேன்ல போடு" என்றார்.

டீச்சரின் நம்பருக்கு அடித்தேன். அவருடைய தம்பி அந்தோணி எடுத்தார். பின்னால் பாட்டுச் சத்தமும் கூச்சலுமாக இருந்தது. போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு டீச்சர் முன்னாலேயே கிளம்பிவிட்டாராம்.

"எப்போ போனாங்க?"

"இப்பத்தான்யா, மாலை போட்டு எடுத்துகினு போறாங்கோ. நாங்க வேன்ல ஆள ஏத்திகினு கீறோம். இன்னா விசயம்?"

"வண்டில ஒரு சந்தேகம். ஓட்டக் கூடாது. ஸ்டெல்லாவுக்குப் போன் போட முடியுமா?"

"கல்யாணப் பொண்ணு போன் வெச்சிகினு இருக்குமா? இன்னா சார் நீ, நல்ல நாளும் அதுவுமா..." அவர் வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

பட்டறை வேனைக் கோதாவரி அம்மாதான் ஓட்டினார். திருக்கழுக்குன்றத்தில் ஒரு பஸ் குறுக்கே நின்று எங்களை நிறுத்திவிட்டது. அவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. நான் மடியில் அந்தத் துணியை வைத்துக்கொண்டு, முந்தின நாள் செய்ததையெல்லாம் முதலிலிருந்து திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நிப்பிளுக்கு அப்புறம் கிரீஸ் கன்தான் வந்தது.

பூஞ்சேரி கூட்டு ரோட்டில் கடற்கரைச் சாலையைத் தொட்டோம். மோரிஸ் தெற்கிலிருந்து வர வேண்டும். இன்னும் வரவில்லையென்றால் இங்கேயே நின்றுகொண்டால் போதும். தாண்டிப் போயிருந்தால் வடக்கே துரத்த வேண்டும். எதுவென்று தெரியவில்லை. கோதாவரி அம்மா இளநீர் விற்கும் அம்மாவிடம் ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"யம்மா, மாலை போட்ட கறுப்பு காரு போச்சா? சின்ன காரு?"

"இப்பத்தான் போச்சி. உள்ள பொண்ணு கூட இருந்திச்சே!"

வேனை வடக்கே திருப்பினார். வலப்பக்கம் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது. பட்டிபுலத்துக்குக் கொஞ்சம் முன்னால் மோரிஸ் கண்ணில் பட்டது. நாற்பதில்தான் போய்க்கொண்டிருந்தார் டீச்சர். பின்கண்ணாடியில் ஸ்டெல்லாவின் வெள்ளை முக்காடு தெரிந்தது. சுற்றிலும் பஸ்ஸும் காரும் பைக்கும் எண்பது தொண்ணூறில் பறந்தன.

"குறுக்க போட்டு நிறுத்தட்டா?" என்றார் அம்மா.

"வேணாம்மா! டீச்சர் பிரேக்க அழுத்தினாங்கன்னா பாரம் மொத்தம் முன்னாடி வரும். அதுலயே போயிடும்."

"அப்ப?"

"முன்னாடி போங்க. கொஞ்சங் கொஞ்சமா வேகத்தக் கொறைங்க. நம்ம கூடவே கொறைக்கட்டும்."

மோரிஸைத் தாண்டும்போது டீச்சர் எங்களைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. கல்யாணத்துக்குத்தான் வருகிறோம் என்று நினைத்து ஹாரன் அடித்து, ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து ஆட்டினார். ஸ்டெல்லாவும் ஜன்னல் வழியாகக் கை ஆட்டினாள். நான் வேனின் பக்கத்துக் கதவில் இடுப்பளவு வெளியே தொங்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாக, மெதுவாக என்று காட்டினேன். அம்மா நாற்பதிலிருந்து முப்பத்தைந்துக்கு வந்தார். டீச்சருக்குப் புரியவில்லை. நாங்கள் வழி விடுகிறோம் என்று எண்ணி, எங்களை முந்துவதற்கு வலப்பக்கம் திருப்பினார்; கார் இடப்பக்கம் சாய்ந்தது. எதிரே சொகுசுப் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. மோரிஸ் சட்டென்று மறுபடி எங்கள் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டது. அந்தச் சாய்வின்போது முழுப்பாரமும் அந்த இடச்சக்கரத்தில்தான் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது மோரிஸ் எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது. முப்பது. இருபது. டீச்சரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பத்து. கடைசியில் மாட்டுவண்டி வேகத்தில் வந்து, இடச்சக்கரங்கள் சாலையோர மணலைத் தொட நின்றது. இன்னும் உள்ளே மணலில் ஏற்றி நிறுத்தலாம் என்று டீச்சர் ஸ்டியரிங்கை ஒடிக்கத் தொடங்கினார்.

"திருப்பாதீங்க டீச்சர்! அப்டியே வுடுங்க! எஞ்சின ஆஃப் பண்ணுங்க!" ஓடிக்கொண்டே கத்தினேன்.

டீச்சரும் ஸ்டெல்லாவும் இறங்கினார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தோணியின் வேன் வந்து நின்றது. பத்துப் பதினைந்து பேர் இறங்கிச் சூழ்ந்துகொண்டார்கள். நான் கீழ்க்கைக்கு ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கினேன். அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அசையவில்லை. மறுபடி நெம்பினேன். அசையவே இல்லை. நான் அடித்த கிரீஸ் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"இன்னாய்யா இது?" என்றார் அந்தோணி. "ஆடவே இல்லியே! இதுக்கா பொண்ண ரோட்ல எறக்கின?"

துணியை விரித்துக் காட்டினேன்.

"இது அந்தப் பக்கத்துல தொடச்சதா இருந்தா?"

"இருக்கலாம்" என்றேன். "எனக்கு நிச்சயமாத் தெரியல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து நல்லா இருக்குன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா டீச்சர்."

"பாத்துட்டுத்தானே சொன்னீங்க?"

வேறு எப்படியாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். நிப்பிளைக் காரணம் காட்டியிருக்கலாம். கோதாவரி அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"இல்ல டீச்சர். மொதல்ல கிரீஸ் அடிச்சிட்டு அப்பால பாத்தேன். அப்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். எடது பக்கம் போயிருந்தா சாமான் இல்ல, வண்டி கல்யாணத்துக்கு ஆவாது. அது கெட்டிருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அதான் பாக்காம பாத்தேன்."

அந்தோணி என் சட்டையைப் பிடித்தார். கோதாவரி அம்மா நடுவில் வந்தார். "கைய எடு தம்பி. நேத்து ஓட்டிப் பாத்து சாவி குடுத்தது நானு. திட்டறதுன்னா என்னியத் திட்டு. ஆனா இந்த வண்டி இங்கேருந்து ஒரு அடி நகராது."

நேரம் போய்க்கொண்டிருந்தது. பத்து மணிக்குப் பூசை. டீச்சர் காரின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கதவைக் கோயில் வாசலில் திறப்பதற்காகத்தான் பன்னிரண்டு நாளாக அலைந்திருந்தார். ஸ்டெல்லாதான் புடவையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்து, அம்மாவின் கையைக் கதவிலிருந்து எடுத்தாள்.

"மம்மி, நான் வேன்ல போறேன். நீயும் வா. எனக்கு நீ வரணும்."

எல்லோரும் வேனில் ஏறினார்கள். இடம் போதவில்லை. டீச்சரையும் இன்னும் இரண்டு பேரையும் கோதாவரி அம்மா பட்டறை வேனில் ஏற்றிக்கொண்டார். ஜாக்கி, ஸ்டாண்டு, கருவிப் பெட்டியோடு நானும் மோரிஸும் மட்டும் சாலையோரத்தில் நின்றோம்.

ஏன் அங்கேயே கழற்றினேன் என்று கேட்டால், காத்திருக்க என்னால் முடியவில்லை. மணலில் பலகை போட்டு ஸ்டாண்டு வைத்தேன். முறுக்கைத் தளர்த்தி, கீழ்க்கையின் முன்பாதியை எடுத்துவிட்டு, கட்டையைக் கையால் பிடித்துத் திருகினேன். நல்ல மரை என்றால் எண்ணி எண்ணித் திருக வேண்டும், அவ்வளவு சுற்று வரும். இது ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்று முடியுமுன் வழுக்கிக்கொண்டு என் உள்ளங்கையில் விழுந்தது.

துடைத்து உள்ளே பார்த்தேன். வாயருகே இரண்டு மரை மிச்சம். அதற்குக் கீழே வளையலின் உள்பக்கம் மாதிரி வழவழவென்று இருந்தது.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்காமல் சொல்கிறேன். நான் சொன்னது சரிதான், இனி யாரும் சிரிக்க முடியாது என்ற சந்தோஷம். அப்புறம்தான் அந்தப் பஸ் ஞாபகம் வந்தது, எங்களை முந்த டீச்சர் திருப்பிய திருப்பு ஞாபகம் வந்தது. கட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு சவுக்குத் தோப்பு ஓரமாகப் போய் உட்கார்ந்தேன்.

பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் அரைமணி நேரம் தாமதமாக நடந்தது. இடப்பக்க செட் வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை என்னை ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன் எதிலும் கோதாவரி அம்மா கைவைக்க விடவில்லை. காரணம் யாருக்கும் சொல்லவில்லை, என்னிடமும் மறுபடி பேசவில்லை. செட் வந்த அன்று பெட்டியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதைப் போட்டவன் நான்தான். அதற்கப்புறம் நாலு வருஷம் வேலை செய்துவிட்டு ஓய்ந்தேன். ஆனால் எனக்கு இன்றைக்கும் கண்முன் நிற்பது அந்தக் கல்யாண மதியம்தான்.

மதியம் இரண்டரை மணி இருக்கும். காரை ஏற்றிப்போக ரெக்கவரி லாரி கேளம்பாக்கத்திலிருந்து வந்துகொண்டிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பட்டறை வேன் வந்து நின்றது. கோதாவரி அம்மா இறங்கவில்லை. டீச்சர் மட்டும் கல்யாணப் பட்டோடு இறங்கி வந்தார். கையில் பிரியாணிப் பொட்டலம். அதை என்னிடம் கொடுக்கவில்லை. மோரிஸின் பானெட்மேல் வைத்தார்.

கட்டையை அவரிடம் கொடுத்தேன். எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். உள்ளே சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தார். நன்றி சொல்வாரோ, திட்டுவாரோ என்று நின்றேன். இரண்டையும் செய்யவில்லை. கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரின் மறுபக்கம் நடந்து போனார். வலச்சக்கரத்தைக் காட்டினார்.

"இது?"

"அது புதுசு டீச்சர். நானே போட்டேன்."

"இதையும் நல்லா இருக்குன்னுதான் சொன்னீங்க."

ஜாக்கியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

சக்கரத்தை இறக்கி, முறுக்கைத் தளர்த்தி, என் கையால் நான்கு நாளைக்கு முன் பூட்டிய ஒவ்வொரு நட்டையும் கழற்றினேன். டீச்சர் வேனிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு எதிரில் உட்கார்ந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பவர் போல என் கையையே பார்த்தார். வெயில் சாய்ந்தது. லாரி வந்தது. "கொஞ்சம் இருப்பா" என்று டிரைவரிடம் சொன்னார். கட்டையைத் திருக ஆரம்பித்ததும், நான் கேட்காமலே அவர் வாய்விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணிக்கை போய்க்கொண்டே இருந்தது. கடைசிச் சுற்றில் கட்டை கையில் வந்ததும், கிரீஸைத் துடைத்து நீட்டினேன். வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். மரைகள் புதுக்கருக்கு மாறாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக அடிவரை இறங்கியிருந்தன.

"சரி" என்றார். "பூட்டுங்க."

பூட்டி முடித்து எழுந்தபோது முழங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் ஸ்டூலை மடக்கி வேனில் வைத்துவிட்டு வந்து, பானெட்மேல் இருந்த பொட்டலத்தை எடுத்தார்.

"கை கழுவிக்கினு வாங்க" என்றார். "ஆறிப் போச்சு. பரவால்ல, சாப்புடுங்க."